டெபியன் வீட்டுப் பஞ்சாயத்து: இனிட் மாறிய கதை

கணினியின் பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஏதோ எழுத்துகள் ஓடும், பிறகு ஒரு படம் வரும், அப்புறம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. டீ எடுத்து வர வசதியான நேரம், அவ்வளவுதான். ஆனால் லினக்ஸ் கணினியில் அந்த நடுநேரத்தை எந்த நிரல் ஆள்வது என்ற கேள்விக்காக 2013 கடைசியில் ஆரம்பித்த ஒரு சண்டை, ஆறு வருடம் ஓய்ந்து ஓய்ந்து எரிந்தது. பதினெட்டு வருடம் உழைத்த ஒருவர் வீட்டை விட்டு வெளியேறினார். வீடு இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒருநாள், எட்டுப் பேர் ஓட்டுப் போட்டு நாலுக்கு நாலு என்று நின்றார்கள்.

அந்த வீட்டின் பெயர் டெபியன்.

சண்டைக்குப் போகும் முன், எதற்காகச் சண்டை என்று தெரிய வேண்டும். லினக்ஸின் கெர்னல் நினைவகம், வட்டு, விசைப்பலகை எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் கடைசியாக ஒரே ஒரு நிரலைத் தட்டி எழுப்பும். ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. இந்த முதல் நிரலுக்கு எண் 1. இதற்குத்தான் இனிட் என்று பெயர். மற்ற எல்லாம் இதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெற்ற நிரல் செத்துப்போய் அனாதையாக நிற்கும் பிள்ளைகளைத் தத்தெடுப்பதும் பொதுவாக இதன் வேலைதான். இனிட் செத்தால் கெர்னல் அதோடு கையை விரித்துவிடும், கணினி நின்றுவிடும். அதனால் இந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பது சின்ன விஷயம் இல்லை.

ரொம்ப காலம் அந்த நாற்காலியில் இருந்தது சிஸ்வி இனிட். ஏடி அண்ட் டி நிறுவனம் 1983-ல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் முறை அது. அதைப் பின்பற்றி லினக்ஸுக்காக எழுதிக் கொடுத்தவர் மிகேல் வான் ஸ்மூரன்பர்க். அதன் அழகே எளிமைதான். இனிட்.டி என்ற அடைவில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கும். தொடங்கு என்றால் தொடங்கும், நிறுத்து என்றால் நிறுத்தும். எது முன்னால், எது பின்னால் என்பதற்குக் கோப்பின் பெயரிலேயே ஓர் எண். எஸ்10 முதலில், எஸ்20 அடுத்து, எஸ்99 கடைசியில். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, 'உள்ளேன் ஐயா' சொன்ன பிறகுதான் அடுத்த பெயர். யார் வேண்டுமானாலும் கோப்பைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம். புரியாதது எதுவும் ஒளிந்திருக்காது.

ஆனால் உள்ளுக்குள் ஓட்டைகள் இருந்தன. டெபியனில் தனியாக எண் சொல்லாத சேவைக்கெல்லாம் 20 என்றே எண் விழுந்தது. எல்லோருக்கும் ஒரே எண் என்றால் வரிசைக்கு அர்த்தம் ஏது? ஒரு சேவை இழுத்தடித்தால் பின்னால் நிற்கும் அத்தனையும் காத்துக் கிடக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. ஒரு சேவையைத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு அது உயிரோடு இருக்கிறதா என்று சிஸ்வி இனிட்டுக்கு உருப்படியாகத் தெரியாது. தொடங்கிய சேவை தன் எண்ணை ஒரு துண்டுக் கோப்பில் எழுதி வைக்கும். நிறுத்தும்போது அதைப் பார்த்து நிறுத்த வேண்டும். சேவை நடுவில் செத்து, அதே எண் வேறொரு நிரலுக்குப் போயிருந்தால்? சம்பந்தமில்லாத ஆளுக்குக் கல்தா! ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதையெல்லாம் தாங்களே சோதித்து எழுத வேண்டும். அதனால் ஒவ்வொன்றும் நூறு வரியைத் தாண்டும், ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

டெபியன்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6-ல், ஸ்கிரிப்ட்டின் தலையில் 'எனக்கு முன்னால் இன்னது வேண்டும்' என்று குறித்து வைத்தால் அதைப் படித்து வரிசையைக் கணக்கிடும் முறை வழக்கத்துக்கு வந்தது. பழைய வேட்டிக்கு நல்ல ஒட்டு. ஆனால் ஒட்டுதான்.

மற்ற இடங்களில் வேட்டியையே மாற்ற ஆரம்பித்திருந்தார்கள். 2005-ல் ஆப்பிள் தன் டைகர் பதிப்பில் லாஞ்ச்டி என்ற ஒன்றைக் கொண்டு வந்தது. அதே வருடம் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10-லும் புதிய சேவை மேலாண்மை வந்தது. லினக்ஸ் பக்கம் முதலில் துணிந்தது உபுண்டுவின் தாய் நிறுவனமான கனோனிக்கல். அங்கே வேலை பார்த்த ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதிய அப்ஸ்டார்ட், 2006 அக்டோபரில் உபுண்டு 6.10-ல் உட்கார்ந்தது. 'இது நடந்தால் அதைத் தொடங்கு' என்பது அதன் வழி. நெட்வொர்க் வந்தது என்று ஒரு செய்தி எழும், அதைக் கேட்டுக் காத்திருக்கும் சேவைகள் எழும். பின்னாளில் எதிர்முகாமாகப் பேசப்பட்ட ரெட் ஹேட் கூட ஃபெடோரா 9-லும் (2008), தன் வணிகப் பதிப்பான ஆர்எச்இஎல் 6-லும் (2010) அப்ஸ்டார்ட்டைத்தான் வைத்திருந்தது. இதைச் சண்டையில் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள்.

2010 ஏப்ரல் 30 அன்று ரெட் ஹேட்டில் இருந்த லெனார்ட் போட்டரிங் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். எண் 1-ஐ முதலிலிருந்து யோசிப்போம் என்பது அதன் சாரம். அவரும் கே சீவர்ஸும் சேர்ந்து ஆரம்பித்த அந்த நிரல்தான் சிஸ்டம்டி.

அதில் இரண்டு யோசனைகள் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானவை. முதலாவது சாக்கெட் விஷயம். ஒரு சேவை இன்னொன்றுக்காக ஏன் காத்திருக்கிறது? அது கேட்கும் வாசல் இன்னும் திறக்கவில்லை என்பதால். அப்படியானால் வாசலை மட்டும் சிஸ்டம்டியே முன்கூட்டித் திறந்து வைத்துவிட்டால்? கடைக்காரர் வரும் முன்பே வாசலில் ஒரு பெட்டி வைத்து ஆர்டர் சீட்டுகளை வாங்கிப் போட்டுக்கொள்வது போல. கடைக்காரர் வந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கொடுப்பார், ஒரு சீட்டும் தொலையாது. எல்லாக் கடைகளையும் ஒரே நேரத்தில் திறக்கலாம். (லாஞ்ச்டியிலிருந்து கற்றது இது என்று போட்டரிங்கே சொன்னார், ஒளிக்கவில்லை.)

இரண்டாவது சிகுரூப். கெர்னலில் ஏற்கெனவே இருந்த இந்த வசதியைக் கொண்டு ஒவ்வொரு சேவைக்கும் தனிக் கணக்கு திறந்தார்கள். அந்தச் சேவை பெற்ற பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் யாராக இருந்தாலும் அதே பேரேட்டில்தான் பதிவு. தப்பி ஓட முடியாது. சேவையை நிறுத்து என்றால் அந்தப் பேரேட்டில் உள்ள அத்தனை பேரும் நிற்பார்கள். துண்டுக் கோப்பு தேவையில்லை. அப்ஸ்டார்ட் இந்த இடத்தில்தான் தடுமாறியது. ஒரு நிரல் எத்தனை முறை பிள்ளை பெறும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அந்த எண்ணிக்கை தப்பானால் அது தவறான நிரலைப் பின்தொடர்ந்துகொண்டு மாட்டிக்கொள்ளும். நூறு வரி ஸ்கிரிப்ட் இருந்த இடத்தில் சிஸ்டம்டிக்குப் பத்துப் பதினைந்து வரியில் ஒரு விவரக் கோப்பு போதும்.

2011 மே மாதம் ஃபெடோரா 15 மாறியது. அதே வருடம் ஓப்பன்சூசே, 2012-ல் ஆர்ச் லினக்ஸ்.

அப்படியானால் எதிர்ப்பு ஏன்? காரணங்கள் பல அடுக்கு. மேல் அடுக்கில் யூனிக்ஸ் பழக்கம்: ஒரு நிரல் ஒரு வேலையை மட்டும் நன்றாகச் செய்ய வேண்டும். சிஸ்டம்டியோ பதிவேடுகளையும் தானே எடுத்துக்கொண்டது, அதுவும் எளிய எழுத்துக் கோப்பாக இல்லாமல் பைனரி வடிவில். 2012 ஏப்ரலில், வன்பொருளைக் கவனிக்கும் யுடெவ் என்ற தனி நிரலும் அதன் கூரைக்குள் போனது. வாடகைக்கு வந்தவர் சமையலறையையும் கேட்கிறார் என்று பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த அடுக்கு: அது லினக்ஸில் மட்டுமே ஓடும். டெபியனோ ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னல் மேலும் ஹர்ட் மேலும் ஓட முயன்று கொண்டிருந்தது. அடி அடுக்கில், வெளிப்படையாகச் சொல்லப்படாத உள்குத்து: போட்டரிங் முன்பு எழுதிய பல்ஸ்ஆடியோ ஆரம்ப நாட்களில் பலருடைய ஒலியைக் கெடுத்திருந்தது, அந்தக் கோபம் ஆறவில்லை. ரெட் ஹேட் என்ற ஒரே நிறுவனம் லினக்ஸின் இடுப்பைப் பிடித்துவிடும் என்ற பயமும் கூடவே. அப்ஸ்டார்ட் மட்டும் சுத்தமா? அதற்கு நிரல் எழுதிக் கொடுப்பவர்கள் கனோனிக்கலின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்த நிரலை வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்குப் போகும். ஆக இரண்டு பக்கமும் ஒரு முதலாளியின் நிழல்.

டெபியனுக்கு முதலாளி கிடையாது. 1993-ல் இயன் மர்டாக் ஆரம்பித்த அது, சம்பளமில்லாத தன்னார்வலர்களின் வீடு. வாக்குரிமை உள்ளவர்கள் சுமார் ஆயிரம் பேர், உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பவர்கள். 1998 முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பு உண்டு. உபுண்டுவுக்கு அடித்தளம் இதுதான். சென்னை சிடாக்கில் உருவான பாஸ் லினக்ஸுக்கும் இதுதான். இங்கே ஒரு முடிவு எடுத்தால் அது இந்த வீட்டோடு நிற்காது, கிளை வீடுகளுக்கெல்லாம் போகும்.

2013-ல் டெபியனுக்குள் நிலைமை இப்படி இருந்தது: மே மாதம் வந்த டெபியன் 7-ல் சிஸ்வி இனிட்டே வழக்கம், ஆனால் சிஸ்டம்டியும் அப்ஸ்டார்ட்டும் கிடங்கில் கிடைக்கும். சோதிக்க ஆசைப்பட்டவர் சிஸ்டம்டியை நிறுவி, பூட் வரியில் 'இனிட் இதுதான்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். பிடிக்கவில்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். முழுசாக மாறுவதுதான் வம்பு. சிஸ்வி இனிட் அத்தியாவசியத் தொகுப்பு என்று குறிக்கப்பட்டிருந்ததால், அதை நீக்கப் போனால் நிறுவி நிரல் பதறிப்போய், ஆபத்தான காரியம் செய்கிறாய் என்று எச்சரித்து, 'ஆமாம், நான் சொன்னபடி செய்!' என்ற பொருளில் ஒரு முழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யச் சொல்லும். விளையாட்டாக ஒரு விசையைத் தட்டி மாற்ற முடியாது.

அக்டோபர் 2013-ல் விவகாரம் தொழில்நுட்பக் குழுவின் முன் வந்தது. வழு எண் 727708. எட்டுப் பேர் கொண்ட இந்தக் குழு டெபியனின் ஊர்ப் பஞ்சாயத்து: உறுப்பினர்களுக்குள் தீராத தொழில்நுட்ப வழக்குகள் இங்கேதான் வரும். தலைவர் பிடேல் கார்பி, முன்னாள் டெபியன் தலைவர். ரஸ் ஆல்பெரி, டான் ஆம்ஸ்ட்ராங், கீத் பேக்கார்ட், இயன் ஜாக்சன், ஸ்டீவ் லங்காசெக், காலின் வாட்சன், ஆண்ட்ரியாஸ் பார்த் ஆகியோர் மற்ற ஏழு பேர். இதில் இயன் ஜாக்சன் சாதாரண ஆள் இல்லை. டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜியின் ஆரம்பகால ஆசிரியர்களில் ஒருவர், 1998-ல் டெபியன் தலைவராக இருந்தவர். லங்காசெக்கும் வாட்சனும் அப்போது கனோனிக்கலில் வேலை செய்தார்கள். லங்காசெக்தான் டெபியனில் அப்ஸ்டார்ட்டைப் பராமரித்தார். இது ஊரறிந்த விஷயம், ஆனாலும் சண்டையில் இந்தப் புள்ளியைக் கிளறாதவர்கள் குறைவு.

குழுவில் சிலர் வெறும் வாதத்தோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ரஸ் ஆல்பெரி தான் பராமரித்த எல்பிசிடி என்ற ஒரு சின்ன சேவையை எடுத்து, அப்ஸ்டார்ட்டுக்கும் சிஸ்டம்டிக்கும் தானே மாற்றிப் பார்த்தார். எது எங்கே இடிக்கிறது, எது எங்கே உதவுகிறது என்று டிசம்பர் கடைசியில் மிக நீளமாக எழுதினார். சிஸ்டம்டி எல்லா வகையிலும் முன்னால் நிற்கிறது என்பது அவர் முடிவு. இயன் ஜாக்சனும் தன் பங்குக்குக் கையில் எடுத்துச் சோதித்துவிட்டு எதிர் முடிவுக்கு வந்தார். அவருக்கு அப்ஸ்டார்ட் எளிமையாகவும் மற்றவர் பேச்சைக் கேட்கும் திட்டமாகவும் பட்டது. இணையத்தில் கும்மி அடித்தவர்களில் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்து ஆணி பிடுங்கிப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

2014 பிப்ரவரி 11. கார்பி, ஆல்பெரி, ஆம்ஸ்ட்ராங், பேக்கார்ட் நால்வரும் சிஸ்டம்டியை முதலில் வைத்தார்கள். மற்ற நால்வர் வைக்கவில்லை. அவர்கள் அப்ஸ்டார்ட் பக்கம் சாய்ந்தவர்கள். சமநிலை.

வணிகவியல் மாணவர்களுக்கு அடுத்தது என்ன என்று சொல்லத் தேவையில்லை. கம்பெனி இயக்குநர் குழுவில் ஓட்டு சமமானால் தலைவருக்கு காஸ்டிங் வோட் என்று இரண்டாவது ஓட்டு உண்டு என்பதைத் தேர்வுக்குப் படித்திருப்பார்கள். டெபியன் அரசியலமைப்பிலும் அதே ஏற்பாடு. கார்பி அதைப் பயன்படுத்தினார். அடுத்த பதிப்பான ஜெஸ்ஸியில், லினக்ஸ் கெர்னலில் ஓடும் டெபியனுக்கு வழக்கமான இனிட் சிஸ்டம்டி. உறுப்பினர்கள் பொது ஓட்டெடுப்பில் வேறு நிலைப்பாடு எடுத்தால் இந்த முடிவு அதற்கு வழிவிடும் என்று ஒரு வரியும் தீர்மானத்திலேயே இருந்தது.

மூன்றே நாளில், பிப்ரவரி 14 அன்று, கனோனிக்கலின் மார்க் ஷட்டில்வொர்த் உபுண்டுவும் சிஸ்டம்டிக்கு மாறும் என்று அறிவித்தார். தோல்வியைக் கௌரவமாக ஏற்பது என்ற பொருளில் தலைப்பு வைத்து எழுதினார். எட்டு வருடம் சொந்தமாக வளர்த்த பிள்ளையைக் கைவிடுவது லேசான காரியம் இல்லை. ஆனால் தாய் வீடு ஒரு திசையில் போகும்போது தான் மட்டும் வேறு திசையில் போனால் ஆகும் செலவு அவருக்குத் தெரிந்திருந்தது. உபுண்டு 15.04-ல், 2015 ஏப்ரலில், சொன்னபடி மாறினார்கள். அப்ஸ்டார்ட் கதை அநேகமாக அங்கே முடிந்தது.

டெபியன் கதை முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான இடம்.

குழு பதில் சொன்னது ஒரு கேள்விக்கு: வழக்கமாக எது வர வேண்டும்? அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி நின்றது: ஒரு மென்பொருள், 'சிஸ்டம்டி இருந்தால்தான் நான் ஓடுவேன்' என்று அடம் பிடிக்கலாமா? முதல் கேள்வியைவிட இதுதான் கனமானது. வழக்கம் எதுவாக இருந்தாலும், பிடிக்காதவர் மாற்றிக்கொள்ள முடிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மாற்ற முடியாதபடி மேலே உள்ளவை எல்லாம் அதனோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால், மாற்றும் உரிமை காகிதத்தில் மட்டும்தான்.

இது கற்பனைப் பயம் இல்லை. திரையில் யார் உள்நுழைந்திருக்கிறார், யார் கணினியை அணைக்கலாம் என்று கவனிப்பது சிஸ்டம்டியின் உறுப்பான லாகின்ட். க்னோம் மேசைச்சூழல் அதை நம்ப ஆரம்பித்துவிட்டது. முன்பு அந்த வேலையைச் செய்த கன்சோல்கிட்டைப் பராமரிக்க ஆளில்லை. 2013-ல் வந்த சிஸ்டம்டி 205-வது பதிப்பிலிருந்து லாகின்ட் தனியாக வராது, எண் 1 நாற்காலியில் சிஸ்டம்டி உட்கார்ந்தால்தான் வரும். ஆக மேசைச்சூழல் வேண்டுமா, லாகின்ட் வேண்டும். லாகின்ட் வேண்டுமா, இனிட்டை மாற்று. சங்கிலி. அதை ஏமாற்றி ஓட வைக்க உபுண்டு பக்கத்தில் சிஸ்டம்டி-ஷிம் என்று ஒரு முட்டுக்கொடுத்தார்கள், டெபியனும் அதைக் கொஞ்சகாலம் பயன்படுத்தியது.

இந்த இரண்டாவது கேள்வியை இயன் ஜாக்சன் முதலிலிருந்தே சேர்த்துக் கேட்கச் சொன்னார். மற்றவர்கள் பிரித்துவிட்டார்கள். சில வாரங்களில் அது தனியாகக் குழு முன் வந்தபோது, இப்போதைக்கு இதைப் பற்றித் தீர்மானம் எதுவும் போடுவதில்லை என்பதே முடிவானது. எளிதான பாதியைத் தீர்த்துவிட்டு வலிக்கும் பாதியைத் தள்ளிப் போட்டார்கள். சிஸ்டம்டியைத் தேர்ந்தெடுத்தது தொழில்நுட்ப ரீதியாகச் சரியான முடிவாகவே படுகிறது. தவறு நடந்தது இந்தத் தள்ளிப்போட்ட இடத்தில்.

அது வட்டியோடு திரும்பி வந்தது. 2014 அக்டோபரில் இயன் ஜாக்சன் பொது ஓட்டெடுப்பு கேட்டார்: எந்த மென்பொருளும் பொதுவாகக் குறிப்பிட்ட ஓர் இனிட்டைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நேரமோ மோசம். நவம்பர் 5-ல் ஜெஸ்ஸியை உறைய வைக்க வேண்டும், அதாவது அதற்குப் பின் பெரிய மாற்றம் கூடாது. சோர்ந்து போயிருந்தவர்களின் தலையில் இது இடியாக விழுந்தது. அதே அக்டோபரில் போட்டரிங், தன்னைக் கொல்ல ஆள் வைப்பதற்காகச் சிலர் பிட்காயின் வசூலித்ததாக எழுதினார். ஒரு பூட் நிரலுக்காக! மென்பொருள் விவாதம் எந்தத் தரத்துக்கு இறங்கிவிட்டது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நவம்பர் முழுக்க வீடு காலியாகிக்கொண்டே வந்தது. 7-ம் தேதி ஜோயி ஹெஸ் விலகினார். டெபியனின் நிறுவல் நிரலைத் தொடங்கி வைத்தவர், தொகுப்பு கட்டுபவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் டெப்ஹெல்ப்பரை எழுதியவர், 1996 முதல் இருந்தவர். அவர் இனிட்டைக் குற்றம் சொல்லவில்லை. டெபியனின் அரசியலமைப்பே திட்டத்தை ஆரோக்கியமற்ற பாதையில் கொண்டு போகிறது என்பது அவர் குறை. காலின் வாட்சனும் ரஸ் ஆல்பெரியும் தொழில்நுட்பக் குழுவை விட்டுப் போனார்கள். டெபியனில் சிஸ்டம்டியைப் பராமரித்த டோலெஃப் ஃபாக் ஹீன், தொடர்ந்த வசவுகளைத் தாங்க முடியாமல் அந்தப் பொறுப்பை விட்டார். ஜெயித்த பக்கத்திலும் ஆட்கள் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டு முடிவு வந்தது. மேசையில் இருந்தவை: கட்டாயப்படுத்தக் கூடாது, மாற்று இனிட்டுகளை ஆதரிப்பது நல்லது ஆனால் கட்டாயமில்லை, கட்டாயப்படுத்தலாம், கடைசியாக 'இதற்கெல்லாம் ஓட்டெடுப்பே தேவையில்லை'. ஜெயித்தது கடைசி! சார்ல்ஸ் பிளெஸ்ஸி என்ற உறுப்பினர் முன்வைத்தது அது. எங்கள் வழக்கமான நடைமுறைகள் போதும், பேசிப் பேசி வேலை கெடுகிறது என்று ஊரே சொன்ன மாதிரி. உடனே இயன் ஜாக்சனும் குழுவை விட்டு விலகினார். அந்த வீட்டின் சட்டத்தையே எழுதிய காலத்தவருக்கு, சட்டப்படியே கிடைத்த பதில்.

நவம்பர் 27 அன்று பிரிவினை அறிவிப்பு வந்தது. தங்களை அனுபவசாலி யூனிக்ஸ் நிர்வாகிகள் என்று அழைத்துக்கொண்ட சிலர், சிஸ்டம்டி இல்லாத டெபியனாக டெவுவன் என்று தனிக்குடித்தனம் போவதாகச் சொன்னார்கள். அறிவிப்பது சுலபம், ஆயிரக்கணக்கான தொகுப்புகளைப் பராமரிப்பது சுலபமில்லை. டெவுவனின் முதல் நிலையான பதிப்பு 2017 மே மாதம்தான் வந்தது. கேலி செய்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அது நீண்டகாலம் தாக்குப் பிடித்திருக்கிறது. டெபியனிலிருந்து பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு, முடிச்சு விழுந்த தொகுப்புகளை மட்டும் மாற்றிக் கட்டுவது அவர்கள் வழி.

2015 ஏப்ரல் 25 அன்று ஜெஸ்ஸி வெளியானது. இத்தனை சண்டையில் யாரும் அதிகம் கேட்காத ஆள், அதாவது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சாதாரண நிர்வாகி, அன்றுதான் மேடைக்கு வந்தார். டெபியன் 7-லிருந்து மேம்படுத்தினாலே இனிட் மாறிவிடும். பெரும்பாலோருக்கு எதுவும் தெரியவில்லை. சிலருக்கு வந்த சிக்கல் வேடிக்கையானது. வட்டுகளின் பட்டியலான எஃப்ஸ்டாப் கோப்பில், எப்போதோ கழற்றிவிட்ட ஒரு வெளிவட்டின் பெயர் மிச்சம் இருந்தால், சிஸ்வி இனிட் ஒரு முனகலோடு தாண்டிப் போகும். சிஸ்டம்டி அந்த வட்டுக்காகத் தொண்ணூறு விநாடி காத்திருந்து, வரவில்லையென்றால் பூட்டை நிறுத்தி அவசர ஷெல்லில் கொண்டு விட்டுவிடும். பத்து வருடம் பொறுத்துக்கொண்ட தவறை ஒரே நாளில் கணக்குக் கேட்கும் தணிக்கையாளர் மாதிரி. தவறு எஃப்ஸ்டாப்பில்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த சர்வர் வேறு ஊரில் ஒரு தரவு மையத்தில், திரையில்லாமல் இருந்தால்? வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்து, அவசியமில்லாத வட்டுக்கு நோஃபெயில் என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பவர் எத்தனை பேர் :)

திரும்பிப் போகும் கதவையும் அடைக்கவில்லை. முன்பு அத்தியாவசியமாக இருந்த சிஸ்வி இனிட்டின் இடத்தில், இனிட் என்ற பெயரில் ஒரு வெற்றுத் தொகுப்பை வைத்தார்கள். சிஸ்டம்டி, சிஸ்வி இனிட், அப்ஸ்டார்ட் மூன்றில் ஏதோ ஒன்று இருந்தால் அதற்குப் போதும். மேம்படுத்திய கணினியில் பழைய இனிட் ஓர் ஓரத்தில் அப்படியே இருக்கும். புதியது தகராறு செய்தால் பூட் வரியில் அதன் பெயரைச் சொல்லி எழுப்பலாம். நிரந்தரமாகப் பழையதே வேண்டுமா, சிஸ்வி இனிட்-கோர் தொகுப்பை நிறுவி மறுபடி பூட் செய்தால் ஆயிற்று. மாறவே வேண்டாமா, மேம்படுத்தும் முன் சிஸ்டம்டி-சிஸ்வி தொகுப்புக்கு மைனஸ் ஒன்று என்று முன்னுரிமை கொடுத்தால் அது உள்ளே வராது. இதை எழுதி, சோதித்து, ஆவணப்படுத்தியவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை. சண்டையின் சத்தத்தில் அமுங்கிப்போன நல்ல காரியம் அது.

2016 மே மாதம் இன்னொரு உரசல். சிஸ்டம்டி 230-வது பதிப்பில், பயனர் வெளியேறினால் அவர் விட்டுச்சென்ற நிரல்கள் எல்லாம் கொல்லப்படும் என்று வழக்கத்தை மாற்றினார்கள். ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று ஸ்கிரீன், டிமக்ஸில் வேலையை விட்டுப் போகிறவர்கள் கொதித்தார்கள். டெபியனின் பராமரிப்பாளர்கள் அந்த மாற்றத்தைத் தங்கள் பதிப்பில் அணைத்து வைத்தார்கள். வீட்டில் உட்கார வைத்த பிறகும் அவர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை என்பதற்கு இது உதாரணம்.

தள்ளிப்போட்ட கேள்வி மட்டும் போகவில்லை. சிஸ்டம்டியின் லாகின்டைப் பிரித்தெடுத்து இலாகின்ட் என்று தனியாக ஓட வைத்திருந்தார்கள், அதை டெபியனுக்குள் சேர்ப்பதில் இழுபறி. இனிட் ஸ்கிரிப்ட் தராத பராமரிப்பாளரிடம் கேட்டு வாங்க உரிமை உண்டா என்பதிலும் தகராறு. கடைசியில் 2019-ல், அப்போதைய தலைவர் சாம் ஹார்ட்மன் இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று ஓட்டெடுப்பைத் தொடங்கினார். டிசம்பர் கடைசியில் முடிவு வந்தது: டெபியனின் கவனம் சிஸ்டம்டி மேல், ஆனால் மாற்று வழிகளைத் தேடுபவர்களின் முயற்சியையும் ஆதரிக்கிறோம். தொகுப்பு கட்டுபவர் சிஸ்டம்டிக்கான கோப்பு மட்டும் கொடுத்தால் குற்றமில்லை. வேறு இனிட் வேண்டியவர் அந்த வேலையைத் தானே செய்து கொண்டு வர வேண்டும். ஏறக்குறைய ஆறு வருடம் முன்பு, வாட்சனும் ஆல்பெரியும் ஜாக்சனும் ஒரே மேசையில் இருந்தபோதே இந்தப் பதிலைச் சொல்லியிருக்கலாம். பிடிக்காதவர்களுக்கு அப்போதும் பிடித்திருக்காது, ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

ஃப்ரீபிஎஸ்டி கெர்னல் மேல் ஓடிய டெபியன், ஜெஸ்ஸியிலேயே அதிகாரபூர்வ வெளியீட்டில் இடம் பெறவில்லை. 2023-ல் அந்த முயற்சி முறைப்படி மூடப்பட்டது. போட்டரிங் 2022-ல் ரெட் ஹேட்டை விட்டு மைக்ரோசாஃப்டுக்குப் போனார், சிஸ்டம்டி வேலையைத் தொடர்ந்துகொண்டு. சிஸ்வி இனிட் இன்னும் டெபியன் கிடங்கில் இருக்கிறது, ஒரு கைப்பிடி ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். 2019 முடிவுக்குப் பிறகு பல பராமரிப்பாளர்கள் தங்கள் தொகுப்புகளிலிருந்து பழைய ஷெல் ஸ்கிரிப்ட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். நீக்கியதை இவர்கள் பொறுக்கி எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். 2023-ல் வந்த டெபியன் 12-ல் அது ஒரு தனித் தொகுப்பாகவே கிடைத்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், அனாதை சிஸ்வி இனிட் ஸ்கிரிப்ட்டுகள்.